நீர்மட்டக் கொப்பி

செவ்வாயும் வெள்ளியும் சைக்கிளில் போவேன்.
அளவு நாடா, அதன் நுனியில்
உழவு மெசினின் பழைய நட்டு ஒன்று.
கிணற்றுக் கட்டில் குனிந்து மெல்ல விடுவேன்.
ளக் என்று நட்டுத் தண்ணீரைத் தொடும்.
அந்தச் சத்தத்தில் விரலை இறுக்கி
எத்தனை என்று பார்ப்பேன்.
முதிரையடிக்குளத்தில் இருபத்து மூன்று கிணறுகள்.
கமக்காரர் அமைப்பு மாதம் மூவாயிரம் தருகிறது,
தருகிற மாதங்களில்.

முதலாவது, யோகாம்பிகை வீடு: ஆறு மீற்றர் நாற்பது.
நான்காவது, பள்ளிக்கூடம்: ஏழு பத்து.
ஒன்பதாவதை நான் அளப்பதில்லை.
மீளக் குடியேறிய ஆண்டில் எல்லாக் கிணறும் இறைத்தோம்,
அதை மட்டும் யாரும் இறைக்கவில்லை.
கொப்பியில் அதற்கு நேரே ஒரு கோடு.
புதிதாக வந்த அதிகாரி ஏனென்று கேட்டார்.
கோட்டின் மேல் இன்னொரு முறை கோடிழுத்தேன்.

பதினான்காவது செபமாலை அண்ணையுடையது.
தையில் எட்டு மீற்றர்,
மாசியில் ஒன்பதரை,
பங்குனியில் ளக் இல்லை, டக்.
நட்டுப் பாறையில் இடித்தது.
"குளத்தில தண்ணி நிக்குது, இது ஏன் வத்தினது?"
"மழை பிழைச்சுப் போச்சண்ணை" என்றேன்.
சொல்லும்போதே
எங்கள் வளவில் தண்ணீர் கொட்டும் சத்தம்
வேலி தாண்டி வந்து
எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது.

போன வருடம் போட்டோம்,
நூற்றுப்பத்து அடியில் குழாய்க்கிணறு,
ஆறு சோலர் தகடு,
ஒன்றரை ஏக்கர் பப்பாசி.
பழம் லொறி ஏறி, விமானம் ஏறி, டுபாய் போகிறது.
டீசல் மெசின் இருந்த நாளில்
காசு முடிய இறைப்பும் முடியும்,
கிணறு படுத்து மூச்சு வாங்கும்.
வெயிலுக்குக் காசில்லை.
காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை
யாரும் நிற்பாட்டத் தேவையில்லை.
யாரும் நிற்பாட்டவுமில்லை.

அன்றிரவு கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
பக்கம் பக்கமாக இறங்கும் எண்கள்.
ஒரே ஓர் இடத்தில் ஏறியிருந்தன:
டீசல் வரிசை ஆண்டு, வைகாசி, ஆனி.
கான்களோடு ஊரே மாங்குளத்தில் படுத்துக் கிடந்த மாதங்கள்.
பயிர் கருகுதென்று நாங்கள் அழுதுகொண்டிருக்க
அடியில், பாறை வெடிப்புகளுக்குள்,
தண்ணீர் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது.

ஞாயிறு கூட்டத்தில் எல்லாரும் வானத்தைத் திட்டினார்கள்.
பவுசர் கேட்டுக் கடிதம் போடுவமென்றார் தலைவர்.
நான் எழும்பி எண்களை வாசித்தேன்.
கடைசியாக,
பதினான்காவதுக்கும் எங்கள் குழாய்க்கிணற்றுக்கும்
இடைத்தூரம் அறுபத்திரண்டு மீற்றர் என்பதையும்.
பின்வரிசையில் இவர் தொப்பியைக் கழற்றினார்,
திரும்பப் போட்டார்.

ஊரில் எட்டு சோலர் பம்புகள்.
ஒன்றுவிட்ட நாள், நான்கு மணித்தியாலம்;
குளத்து அலைகரையில் இனிக் குழாய்க்கிணறு இல்லை.
மூன்று பேர் கையெழுத்துப் போடாமல் சைக்கிளை எடுத்தார்கள்.
இவர் போட்டார்.
பிறகு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.
"வங்கிக் கடனையும் ஒன்றுவிட்ட மாதமோ கட்டுறது?"
என்று நாயிடம் கேட்டார்.

நிற்பாட்டும் நாளில் சுவிச்சில் சீலைத் துண்டு கட்டுகிறேன்.
மத்தியானத்தில் பப்பாசி இலைகள்
குடை மடித்த மாதிரித் தொங்கும்.
பின்னேரம் எழும்பும், எல்லாமல்ல.
விழுந்த பிஞ்சுகளை
இவர் பார்க்கமுன் பொறுக்கிவிடுவேன்.

இன்று வெள்ளி, சித்திரை முடிகிறது.
பதினான்காவது.
ளக்.
நாடாவில் நான்கு விரல் ஈரம்.
செபமாலை அண்ணை அதைத் தொட்டுப் பார்த்தார்,
சாரத்தில் கையைத் துடைத்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
நட்டுப் பள்ளம் பார்த்து விழுந்திருக்கலாம்.
என் ஆசைதான் நனைந்ததோ தெரியாது.
கொப்பியில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
செவ்வாய் இன்னொருக்கால் அளந்தபின்
பேனையால் எழுதலாம்.